பூஜ்யத்துக்குக் கீழே ஒரு முள்

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் பச்சியப்பனின் பஞ்சர் கடைக்குக் கூரை என்று எதுவும் மிச்சமில்லை. ஆறு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, கம்ப்ரசரின் காற்று டேங்க் வெடித்தது. தகரம் பறந்துபோய் ரயில்வே வேலிக்கு அந்தப்பக்கம் விழுந்தது. பச்சியப்பன் ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

விபத்து என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. வீட்டு உபயோகக் கம்ப்ரசரை லாரி டயருக்குக் காற்றடிக்கிற அளவுக்கு மாற்றிக் கட்டினால் வேறென்ன ஆகும் என்று ஊரும் பேசி முடித்துவிட்டது. முடிக்காதவள் ஒருத்திதான், பச்சியப்பனின் மனைவி தீர்த்தம்மாள். கருமாதிக்குக்கூடக் காத்திராமல் தர்மபுரிக்கு பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த நிர்மலாவின் துப்பறியும் அலுவலகத்தைத் தேடி வந்தாள்.

நிர்மலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பதினான்கு வருஷம் எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, எது நிஜம், எது ஜோடனை என்று எழுதிக் கொடுத்தவள். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறாள். கூட இருப்பவன் மாதவராஜ். மெக்கானிக்கல் டிப்ளமோவில் ஐந்து பேப்பர் பாக்கி வைத்தவன். வாயில் மட்டும் எதையும் பாக்கி வைக்காதவன்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு இருவரும் அந்தக் கூரையில்லாத கடைக்குள் நின்றார்கள். தீர்த்தம்மாள் சுவரோரமாக நின்று, தன் புருஷன் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சைக்கிளுக்கு முப்பது பவுண்டு கேட்டா இருபத்தெட்டோட நிறுத்தற ஆளுங்க அவரு. காத்துன்னா அத்தனை பயம்."

அவளுடைய தம்பி மதியழகன் பாப்பிரெட்டிப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எதிர்க்கடைக்காரன் லாரி டயரையெல்லாம் வளைத்துப் போட ஆரம்பித்ததும், மூன்று வாரத்துக்கு முன் அவன்தான் மாமாவின் பழைய கம்ப்ரசரில் பெரிய மோட்டாரைப் பூட்டி, இன்னொரு டேங்கையும் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தானாம். அதற்கப்புறமும் பச்சியப்பன் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். முள் நூற்றிருபதைத் தொட்டால் தன் கையாலேயே மோட்டாரை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவர் கையில் டேங்க் வெடிக்குமா என்பதுதான் தீர்த்தம்மாளின் கேள்வி. எதிர்க்கடைக்காரன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்பது அவள் தீர்மானம்.

போலீஸ் எடுத்துப் போகாமல் விட்ட சாமான்களை அவள் ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்திருந்தாள். நிர்மலா அதைக் கவிழ்த்தாள். நெளிந்த பித்தளைக் குழாய், பாதி பெல்ட், ஸ்பேனர்கள், கடைசியாகக் கண்ணாடி உடைந்த ஒரு மீட்டர்.

"இது போச்சு மேடம்," என்றான் மாதவராஜ். "முள்ளு ஜீரோவுக்கும் கீழ நிக்குது."

நிர்மலா மீட்டரை விரலால் சுண்டினாள். முள் நடுங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி சுண்டினாள். மறுபடி அதே இடம்.

"கெட்டுப்போன முள்ளு எங்க வேணாலும் போய் நிக்கும். இது ஒரே இடத்துக்குத் திரும்பி வருது. மீட்டர் நல்லாத்தான் இருக்கு. காத்தே இல்லாததுக்கும் கீழ ஒரு நிலைமை உண்டா மாதவா?"

"என் செமஸ்டர் மார்க்குல உண்டுங்க மேடம்."

அவள் சிரிக்கவில்லை. மீட்டரை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். முள் பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்காமல் தடுக்க ஒரு குட்டி ஆணி இருக்க வேண்டும். அந்த இடத்தில் நறுக்கிய தடம் மட்டும் வெள்ளையாக மின்னியது. மாதவராஜ் பூஜ்யத்துக்கும் முள்ளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை விரலால் அளந்து, அதே விரலை எண்கள் மேல் வைத்துப் பார்த்தான். சரியாக அறுபது பவுண்டு.

யாரோ முள்ளைக் கழற்றி அறுபது பவுண்டு பின்னால் தள்ளிச் சொருகியிருக்கிறார்கள். மீட்டர் நூற்றிருபது காட்டியபோது டேங்குக்குள் நூற்றெண்பது இருந்திருக்கிறது. பச்சியப்பன் கடைசி வரை சரியான எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எண்தான் பொய். கோணிப்பையில் இன்னொன்றும் கிடைத்தது. அளவு மீறினால் காற்றைத் தானாக வெளியே விடும் சேப்டி வால்வு இருக்க வேண்டிய குழாய்த் துண்டில், காற்றையே விடாத ஒரு இரும்பு டம்மி முறுக்கப்பட்டிருந்தது.

நிர்மலா மீட்டரைத் திருப்பினாள். முதுகில் ஆணியால் ஓர் எண் கீறியிருந்தது. 3.

"மூணாம் நம்பர்னா மூணாவது பரிசுங்களா?" என்று ஆரம்பித்தான் மாதவராஜ்.

"மூணுன்னா, ஒண்ணும் ரெண்டும் எங்க?"

இப்படியே முள் தள்ளிய இரண்டு டேங்க்குகள் இந்த மாவட்டத்தில் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

கடைக்கு அடுத்தாற்போல் செல்லி என்பவள் பூ கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். நிர்மலா இரண்டு முழம் வாங்கிக்கொண்டு, தீர்த்தம்மாளின் காதில் விழாத தூரத்தில் நின்று பேச்சுக் கொடுத்தாள். அன்றைக்குப் பச்சியப்பன் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனவர் இரண்டரைக்குத்தான் வந்தார் என்றாள் செல்லி. அவர் வருவதற்கு முன்பே உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததாம்.

யார் போட்டது என்று நிர்மலா கேட்டாள்.

"அவங்க மச்சினருதானுங்க வந்திருந்தாப்ல. பூட்டின கடைக்குச் சாவி வேற யாருகிட்ட இருக்குது?"

அவன் ஏன் முன்கூட்டியே மோட்டாரைப் போட்டான் என்பது மாதவராஜுக்கே விளங்கியது. காலி டேங்கில் முள் பூஜ்யத்துக்குக் கீழே தொங்கும், பச்சியப்பன் கண்டுபிடித்துவிடுவார். அவர் திரும்பி வரும்போது முள் எழுந்து நிற்க வேண்டும்.

தீர்த்தம்மாளிடம் நிர்மலா ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கினாள். கொடுத்துவிட்டு அவள், புருஷனை அடக்கம் செய்த நாளிலிருந்து தம்பி போனை எடுப்பதில்லை, பார்த்தால் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்றாள்.

கடத்தூர் வழியாகப் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பைக் பறந்தது. சொந்த அக்காள் புருஷனை ஒருத்தன் ஏன் இப்படிச் செய்வான் என்ற கேள்வி மாதவராஜின் ஹெல்மெட்டுக்குள் வழி நெடுக வண்டாகக் குடைந்துகொண்டிருந்தது.

பட்டறை பூட்டியிருந்தது. பின்னால் வீடு. மதியழகனின் மனைவி ஜெயபிரியா கதவைத் திறந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. போலீஸா என்று கேட்டாள். இல்லை, உங்கள் நாத்தனார் அனுப்பினார்கள் என்றதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சாப்பிட்டு ஆறு நாள் ஆகிறது என்றாள். சனிக்கிழமை பொம்மிடிக்குப் போய், யாருக்கோ செய்து கொடுத்த கம்ப்ரசரை வண்டி வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து, நேற்றுப் பூராவும் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தாராம். இன்று காலை ஆறு மணிக்கு அதே சம்மட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஏரியூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே டிராக்டர் டிரெய்லருக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவருக்கு ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். பெயர், நம்பர் எதுவும் அவளுக்குத் தெரியாது. மதியழகனின் போன் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. திரையில் தவறிய அழைப்புகள் நாற்பத்தொன்று. எல்லாமே ‘அக்கா’.

கொல்லையில் அந்த டேங்க் கிடந்தது. மிதித்த தகர டப்பா போல நசுங்கி, பற்றவைத்த இடமெல்லாம் பிளந்திருந்தது. பக்கத்தில் மண்ணில் ஒரு மீட்டர், முதுகில் 1.

"ஆதாரத்தை ஒவ்வொண்ணா அழிச்சுட்டு வர்றான் மேடம்," என்றான் மாதவராஜ். "ஏரியூருக்கு நாம போறதுக்குள்ள ரெண்டாம் நம்பரும் பழைய இரும்பு ஆயிரும்."

நிர்மலா மீட்டரைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாள். "வண்டியை எடு."

மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. தர்மபுரி ஊருக்குள் நுழைந்து வெளியேறவே பத்து நிமிஷம் போயிற்று. இண்டூரைத் தாண்டும்போது நிர்மலா அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். இறங்கி நின்று, பையிலிருந்த ஒன்றாம் நம்பர் மீட்டரை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை.

"ஆதாரம் எது மாதவா? டேங்க்கா, மீட்டரா?"

"மீட்டர்தான். முள்ளைத் தள்ளினது அதுலதானே தெரியும்."

"ஒரு நாள் பூராவும் சம்மட்டி புடிச்சவன் இதை ஒரு தட்டு தட்டியிருக்கலாம். கிணத்துல போட்டிருக்கலாம். தொடவே இல்லை. டேங்கைத்தான் உடைச்சிருக்கான்."

மாதவராஜுக்கு இப்போதுதான் புரிந்தது. மதியழகன் ஓடி ஒளியவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. இன்னொருத்தர் சாவதற்குள் தான் செய்த டேங்க்குகளை உடைக்கக் கிளம்பியிருக்கிறான்.

பென்னாகரத்தில் தனக்குத் தெரிந்த ஏட்டு ஒருவரை நிர்மலா போனில் பிடித்தாள். கம்ப்ரசர் என்றால் பிரிட்ஜில் இருக்குமே அதுவா என்று அவர் கேட்டார். இல்லை என்று விளக்கியதும், பந்தோபஸ்தில் இருக்கிறேன், முடிந்ததும் ஜீப்போடு வருகிறேன் என்றார். மீதி வழியில் மாதவராஜ் எந்த வேகத்தில் போனான் என்பதை வண்டியின் மீட்டரும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

ஏரியூர் பஸ் ஸ்டாப்பைக் கடந்து அரை கிலோமீட்டரில் அந்தத் தகர ஷெட் இருந்தது. பெயின்ட் வாடையும் மோட்டார் இரைச்சலும் ரோட்டுக்கே வந்தன. உள்ளே பாதி நீலமாகிவிட்ட ஒரு டிரெய்லர். வாசலில் இருந்த இரும்புத் தூணில் ஒரு மனிதனை நைலான் கயிற்றால் கட்டிப்போட்டிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. காலடியில் சம்மட்டி.

பட்டறை முதலாளி முருகேஷ் சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தார். நாளைக் காலையில் டிரெய்லரை டெலிவரி கொடுத்தாக வேண்டும், அவருக்கு யாரோடும் பேச நேரமில்லை. மிஷினை விற்றவனே வந்து உடைக்கிறேன் என்று சம்மட்டியை ஓங்கினான், அதனால்தான் கட்டிப்போட்டோம் என்றார்.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றான் கட்டுண்டிருந்தவன். கத்திக் கத்தி அவனுக்குக் குரலே போயிருந்தது. "நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நிறுத்தச் சொல்லுங்க."

நிர்மலா அவன் பக்கம் திரும்பவில்லை. முருகேஷிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலையில சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி மீட்டர் முள்ளு எங்க நின்னுதுங்க?"

"அடியிலதானுங்க. ஜீரோவுக்கும் கீழ தொங்கும். புது மாடல், அப்படித்தான் இருக்கும்னு இவனேதான் சொன்னான்."

அதற்குள் மாதவராஜ் நாலு எட்டு உள்ளே போய் எட்டிப் பார்த்திருந்தான். மீட்டரில் நூற்றிருபத்தைந்து. அறுபதைக் கூட்டினான். தானாக நிற்க வேண்டிய மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோமேட்டிக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. டேங்கின் பற்றவைத்த ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக விரிந்து, அதன் வழியே மெல்லிய சீழ்க்கை ஒன்று வந்துகொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தான் டேங்கின் தலைமேலேயே இருந்தது. அதை நோக்கிக் கையை நீட்ட அவன் உடம்பு மறுத்துவிட்டது.

"மேடம், நூத்தி எண்பத்தஞ்சு. ஓரம் விட்டுக்கிட்டு இருக்குது."

"கிட்டப் போகாதே. வெளிய மீட்டர் பெட்டியில பீஸைப் பிடுங்கு."

அவன் ஓடினான். கரண்ட் மீட்டர் பெட்டி ஷெட்டின் வெளிச்சுவரில் இருந்தது. மூன்று பீஸ் கட்டைகள். முதலாவதைப் பிடுங்கியதும் மோட்டார் நிற்கவில்லை, அடிபட்ட எருமை போல முக்கியது. இரண்டாவது கையோடு வர மறுத்தது. காலைச் சுவரில் உதைத்து இழுத்தான். பொறி பறந்து கட்டை வெளியே வந்தது. இரைச்சல் அடங்கியது. இப்போது அந்தச் சீழ்க்கை மட்டும் தனியாகக் கேட்டது.

மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் காற்று உள்ளேதான் இருந்தது. அது வெளியே வர ஒரே வழி, முப்பதடி ஹோஸின் நுனியில் இருந்த ஸ்பிரே கன். அதைப் பிடித்தபடி டிரெய்லருக்குப் பின்னால் பெயின்டர் காளியன் மரமாக நின்றிருந்தார்.

"அதை அழுத்திப் புடிங்கண்ணா. விடாதீங்க," என்றாள் நிர்மலா. காளியன் டேங்கையே பார்த்தபடி கன்னை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார்.

"என்னை அவுத்து விடுங்க," என்றான் மதியழகன். "நான் புடிக்கறேன். அவருக்குப் புள்ளைங்க இருக்குது."

நிர்மலா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தாள்.

அவன் உள்ளே ஓடி, காளியனின் கையிலிருந்து கன்னை வாங்கி, டிரெய்லரின் சக்கரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு அழுத்திப் பிடித்தான். மற்றவர்கள் ரோட்டைத் தாண்டி ஒரு கல் சுவருக்குப் பின்னால் போனார்கள். முருகேஷ் மட்டும் இன்னும் நம்பவில்லை. சுவருக்கு மேலே தலையை நீட்டி, திறந்திருந்த வாசல் வழியாகத் தன் மிஷினின் பெரிய வெள்ளை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நீலப் புகை வந்தது, பிறகு வெறும் காற்று. நூறு. எண்பது. ஐம்பது. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு யுகம் ஆயிற்று. மாதவராஜ் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல வாயைத் திறக்காமல் இருந்தான்.

முள் பூஜ்யத்தைத் தொட்டது.

"அவ்வளவுதான், காலி," என்று எழுந்தார் முருகேஷ்.

ஆனால் ஷெட்டுக்குள் கன் அதே மூச்சோடு சீறிக்கொண்டிருந்தது. காலி என்று மீட்டர் சொன்ன டேங்கிலிருந்து கார் டயரையே நிரப்புகிற காற்று வந்துகொண்டிருந்தது. முள் பூஜ்யத்தைக் கடந்து கீழே, இன்னும் கீழே இறங்கியது. முருகேஷ் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். இரண்டு மாதமாக அந்த டேங்கின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு வந்திருக்கிறார்.

சீறல் தேய்ந்து நின்ற பிறகும் மதியழகன் கன்னை விடவில்லை. நிர்மலா போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அவன் எதையும் மறைக்கவில்லை. வேகமாகக் காற்று ஏற வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் எல்லோரும் பயந்தார்கள். அதனால் பொம்மிடிக்கும் ஏரியூருக்கும் கொடுத்த மிஷின்களில் முள்ளைத் தள்ளி வைத்தான். ஒன்றும் ஆகவில்லை, ஆகாது என்று நம்பிவிட்டான்.

"மாமாவுக்கு மட்டும் நல்ல முள்ளு வெச்சுக் குடுத்தேங்க," என்றான். "வால்வும் நல்லது."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

கிழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான். நூற்றிருபதோடு மாமா நிறுத்திவிடுவார், காத்திருந்து அலுத்த லாரிக்காரர்கள் எதிர்க்கடைக்கே போனார்கள். ஒரு நாள் அக்கா போன் செய்து அழுதாள். உங்க மாமாவுக்கு அந்த முள்ளைப் பார்த்தாலே கை நடுங்குது, அவருக்குப் பயம் தெளியற மாதிரி நீ ஏதாச்சும் பண்ணுடா தம்பி என்றாள்.

"பண்ணினேங்க," என்றான் மதியழகன். "அக்காவுக்கு அது தெரியாது. முள்ளைத் தள்ளினேன்னு நான் சொல்லவே இல்லை. நாந்தான் பண்ணினேன்னு அக்காகிட்டயும் போலீஸ்லயும் சொல்லுங்க, ஜெயிலுக்குப் போறேன். அக்கா சொன்னதை மட்டும் விட்ருங்க மேடம்."

ரோட்டில் ஜீப்பின் சத்தம் கேட்டது. ஏட்டு இறங்குவதற்குள் நிர்மலா தன் போனை எடுத்து தீர்த்தம்மாளின் நம்பரைத் தட்டினாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. யாருன்னு தெரிஞ்சுதுங்களா மேடம் என்று கேட்ட குரல் மாதவராஜ் வரைக்கும் கேட்டது. நிர்மலா பதில் சொல்லாமல் போனை மதியழகனிடம் கொடுத்தாள்.

"அக்கா," என்றான் அவன். "நாந்தான்கா. எதிர்க்கடைக்காரர் இல்லை. மீட்டரை மாத்தினது நாந்தான். நானா பண்ணினது, யாரும் சொல்லலை."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது தீர்த்தம்மாள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் அழுதுட்டுச் சொன்னேனே. அதுக்காடா?"

மதியழகன் "இல்லக்கா" என்றான். அந்த ஒரு சொல்லை எடுக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.